வெள்ளிக் காசில் வந்த வாரிசு அறிவிப்பு

திண்டுக்கல்லுக்கு வடக்கே கரூர், மேற்கே பழனி, அதையும் தாண்டிப் போனால் பொள்ளாச்சி, வெள்ளலூர். இந்த ஊர்ப் பக்கமெல்லாம் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. பழனி அருகே 1856இல் கிடைத்தது தங்கம். கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையலில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள். மேற்குக் கடற்கரையில் இறங்கிய சரக்கும் பணமும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்கும், அங்கிருந்து மதுரைக்கும் போய்வந்த காலத்துக் காசுகள் அவை.

அந்த வெள்ளிக் காசின் பெயர் தினாரியஸ். இன்றைய ஒரு ரூபாயின் எடைதான் இருக்கும். அகலம் கொஞ்சம் குறைவு. செய்தித்தாள் இல்லாத பேரரசில், ஆட்சியாளர் சொல்ல நினைத்தது எல்லார் கைக்கும் போய்ச்சேரக் காசைவிட நல்ல வழி கிடையாது. ஜூலியஸ் சீசர் கி.மு. 44இல், உயிரோடு இருக்கும்போதே தன் முகத்தை ரோமானியக் காசில் பொறிக்கவைத்தார். அவருக்கு முன் ரோமில் யாரும் அப்படித் துணிந்ததில்லை. அவர் தத்துப்பிள்ளை அகஸ்டஸ் அதை ஒரு கலையாகவே ஆக்கினார்.

நம் பக்கம் அதிகம் கிடைக்கும் இரண்டு வகைகளைப் பார்த்தால் இது விளங்கும். முதல் வகையில் ஒருபுறம் அகஸ்டஸ் தலை. சுற்றிலும், தெய்வமானவரின் (அதாவது சீசரின்) மகன், நாட்டின் தந்தை என்ற எழுத்துகள். மறுபுறம் கேடயமும் ஈட்டியுமாக இரண்டு இளைஞர்கள் நிற்கிறார்கள். காயஸ், லூசியஸ். உண்மையில் இவர்கள் அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள். தத்து எடுத்துக்கொண்டதால் காசில் மகன்கள். வருங்காலக் கான்சல்கள் (ரோமின் உயர் ஆட்சிப் பதவியினர்), இளைஞர்களின் தலைவர்கள் என்ற பட்டமும் உண்டு. எனக்குப் பின் இவர்கள்தான் என்று நாடு முழுக்கச் சொல்லியாயிற்று. ஆனால் லூசியஸ் கி.பி. 2இலும் காயஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள். வேறு வழியில்லாமல் மனைவிக்கு முதல் கணவர் மூலம் பிறந்த மகன் திபேரியஸைத் தத்தெடுத்தார் அகஸ்டஸ். இரண்டாம் வகைக் காசு அந்தத் திபேரியஸுடையது. அவரும் தெய்வமான அகஸ்டஸின் மகன் என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறார். பின்புறம் செங்கோலும் கிளையும் ஏந்தி ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். பட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட பிள்ளைகளும், அவர்கள் இடத்துக்கு வந்தவரும் வெள்ளலூர் மண்ணில் ஒரே குவியலில் கிடந்திருக்கிறார்கள்!

இந்தக் காசை வாங்கிக்கொண்டு ரோமானியருக்கு மிளகு விற்ற நம்மவர்களுக்கு இந்தக் குடும்ப விவகாரம் எதற்கு? அவர்கள் பார்த்தது வெள்ளியைத்தான். இலங்கை மன்னர் ஒருவரைப் பற்றி ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் செய்தியும் அதே ரகம். காசுகளில் முகங்கள் வேறு வேறு, எடை மட்டும் ஒன்றே என்பதைக் கண்டு ரோமானியரின் நேர்மையை மெச்சினாராம் அந்த மன்னர். புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைமேலேயே உளிவெட்டு விழுந்திருக்கிறது. அந்த முகத்துக்கு இங்கே இருந்த மரியாதை அவ்வளவுதான் போலும்.

கி.பி. 64 வாக்கில் பேரரசர் நீரோ கைவைத்தது அந்த எடையிலும் தரத்திலும்தான். ஒரு ரோமானியப் பவுண்டு வெள்ளியில் 84 காசு அடித்த இடத்தில் 96 அடித்தார்கள். வெள்ளியின் சுத்தத்தையும் குறைத்தார்கள். அதற்குப் பிறகு அச்சான வெள்ளிக் காசுகள் தமிழகத்துப் புதையல்களில் அரிதாகத்தான் தட்டுப்படுகின்றன.