ஓடுவது காலா, சப்பாத்தா? நவீன ஓட்டக் காலணிகளும் நம் மாணவர்களின் ஓட்ட நேரமும்

குறுக்கோட்டப் பருவம் வந்தாலே பள்ளித் திடலில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "டீச்சர், அந்தத் தடிச்ச அடி சப்பாத்து போட்டா வேகமா ஓடலாமாமே, உண்மையா?" மாணவர் கேட்பார், சில நாளில் பெற்றோரும் கேட்பார். மலாக்கா தெங்கா, அலோர் காஜா, ஜாசின் என மூன்று மாவட்டங்களிலும் பட்டணத்துப் பள்ளியும் உண்டு, செம்பனைக்கு நடுவே இருக்கும் தோட்டப் பள்ளியும் உண்டு. ஒரே போட்டியில், ஒரே தொடக்கக் கோட்டில், ஒரு பிள்ளை ஆயிரம் ரிங்கிட் காலணியுடனும் இன்னொரு பிள்ளை பள்ளிச் சப்பாத்துடனும் நிற்கலாம். ஆகவே இந்தக் கேள்விக்கு 'ஆமாம்', 'இல்லை' என்று ஒற்றை வரியில் பதில் சொல்லிவிட முடியாது. கணக்கோடு சொல்ல வேண்டும்.

இக்கட்டுரை விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும் தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் பயன்படும் வகையில் எழுதப்பட்டுள்ளது. அறிவியல் செயற்பாங்குத் திறனுக்கும் விழுக்காட்டுக் கணக்குக்கும் இதில் இடம் உண்டு.

1. புதிய காலணியில் என்னதான் இருக்கிறது?

2017ஆம் ஆண்டு நைக்கி நிறுவனம் 'வேப்பர்ஃப்ளை 4%' என்ற நெடுந்தூர ஓட்டக் காலணியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதன் பிறகு மற்ற நிறுவனங்களும் அதே வழியில் காலணி செய்யத் தொடங்கின. இவற்றில் பொதுவாக மூன்று அம்சங்கள் உண்டு.

முதலாவது, நுரை. வழக்கமான ஓட்டக் காலணியின் அடிப்பாகம் 'இவிஏ' என்ற நுரையால் ஆனது. புதியவற்றில் 'பீபா' என்ற நுரை பயன்படுகிறது. இது எடை குறைந்தது, மென்மையானது, அமுங்கினால் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பும்.

இரண்டாவது, நுரைக்குள் பதிக்கப்பட்ட வளைந்த கார்பன் தகடு. இது காலணியை விறைப்பாக வைத்திருக்கிறது.

மூன்றாவது, எடை. அடிப்பாகம் செங்கல் போலத் தடித்துத் தெரிந்தாலும் கையில் எடுத்தால் லேசாக இருக்கும்.

பலரும் தகடுதான் 'ஸ்பிரிங்' மாதிரி தூக்கிவிடுகிறது என்று நினைக்கிறார்கள். ஆனால் தகட்டைக் குறுக்கே பல இடங்களில் வெட்டி, அதன் விறைப்பைக் குறைத்துச் செய்த ஆய்வில், ஓடுபவர் செலவழித்த சக்தியில் பெரிய மாற்றம் தெரியவில்லை. நன்மையின் பெரும்பகுதி நுரையிலிருந்தே வருகிறது என்பதற்கு இது ஒரு சான்று.

2. நுரை சக்தியை உண்டாக்குகிறதா?

இல்லை. தேர்வில் மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான். சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. கால் தரையில் படும்போது உடலின் எடை நுரையை அமுக்குகிறது. அப்போது நுரையில் சக்தி சேமிக்கப்படுகிறது. கால் மேலே எழும்பும்போது அதில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கிறது. மீதி வெப்பமாகப் போய்விடுகிறது. எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பதில்தான் பழைய நுரைக்கும் புதிய நுரைக்கும் வேறுபாடு.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில் மூன்று காலணிகளை இயந்திரத்தால் அமுக்கிப் பார்த்தார்கள். நைக்கியின் பழைய போட்டிக் காலணி 65.5 விழுக்காடு சக்தியைத் திருப்பித் தந்தது. அடிடாஸ் காலணி 75.9 விழுக்காடும், புதிய காலணியின் முன்மாதிரி 87 விழுக்காடும் தந்தன.

பந்தை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். 100 செ.மீ. உயரத்திலிருந்து போட்ட பந்து 65 செ.மீ. எம்பினால் அது 65 விழுக்காடு சக்தியைத் திருப்பித் தந்தது என்று கொள்ளலாம். வேறொரு பந்து 87 செ.மீ. எம்புகிறது. இரண்டு பந்துமே போட்ட உயரத்தைத் தாண்டி எம்பப் போவதில்லை. காலணியும் அப்படித்தான். ஓடுபவர் போட்ட சக்தியைவிட அதிகமாக அது தராது. வீணாவதைக் குறைக்கும், அவ்வளவுதான்.

3. '4 விழுக்காடு' என்றால் 4 விழுக்காடு வேகமா?

அதே ஆய்வில் 18 ஓட்டக்காரர்கள் மணிக்கு 14, 16, 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினார்கள். புதிய காலணியில் அவர்கள் செலவழித்த சக்தி சராசரியாக 4 விழுக்காடு குறைந்தது. இதை 'ஓட்டச் சிக்கனம்' என்பார்கள். ஒரே தூரத்துக்குக் குறைந்த பெட்ரோல் குடிக்கும் மோட்டார் போல.

ஆனால் 4 விழுக்காடு சக்தி மிச்சமானால் நேரமும் 4 விழுக்காடு குறையும் என்பதில்லை. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடும். ஆகவே மிக வேகமாக ஓடுபவர்களுக்கு நேரத்தில் கிடைக்கும் ஆதாயம் அதைவிடக் குறைவு.

உலக மாரத்தான் நேரங்களில் மாற்றம் தெரிந்தது உண்மை. பெண்கள் பிரிவில் பவுலா ராட்கிளிஃப் 2003இல் ஓடிய 2:15:25 என்ற நேரம் 16 ஆண்டுகள் நின்றது. 2019இல் பிரிஜிட் கோஸ்கே 2:14:04 ஓடினார். 2023இல் திகிஸ்ட் அஸெஃபா 2:11:53 ஓடினார். இதில் காலணிக்கும் பங்கு உண்டு என்பதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் ஓடும் வேகம் வேறு, நம் ஆண்டு 6 பிள்ளைகள் ஓடும் வேகம் வேறு.

4. நம் மாணவர்களின் வேகத்தில் எவ்வளவு?

2023இல் வெளியான இன்னோர் ஆய்வு மெதுவான வேகத்தைப் பார்த்தது. மணிக்கு 12 கிலோமீட்டரில் மிச்சமான சக்தி சராசரியாக 1.4 விழுக்காடு. மணிக்கு 10 கிலோமீட்டரில் வெறும் 0.9 விழுக்காடு. அதிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருந்தது. சிலருக்கு நன்மை, சிலருக்கு ஒன்றுமில்லை, சிலருக்குப் பழைய காலணியே மேல். கென்யாவின் உலகத்தர ஓட்டக்காரர்களிடம் நடந்த ஆய்விலும் இதே கதைதான். ஒருவருக்கு 11 விழுக்காடு நன்மை, இன்னொருவருக்கு ஏறக்குறைய அதே அளவு இழப்பு.

இப்போது கணக்குப் போடுவோம். ஒரு மாணவி 3 கிலோமீட்டரை மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறார். அவருடைய நேரம் 15 நிமிடம், அதாவது 900 வினாடி. 1.4 விழுக்காடு முழுவதும் நேரமாக மாறினால்கூட 900 × 1.4 ÷ 100 = 12.6 வினாடிதான். 10 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுபவருக்கு 1,080 வினாடியில் 0.9 விழுக்காடு, ஏறக்குறைய 10 வினாடி.

பத்துப் பன்னிரண்டு வினாடி என்பது சும்மா இல்லை. மாநிலப் போட்டியில் சில இடங்கள் முன்னுக்குப் போகலாம். ஆனால் இதையும் பாருங்கள். செம்பனைக் காட்டுச் செம்மண் சாலையில் போட்ட குறுக்கோட்டப் பாதை 100 மீட்டர் குறைவாக அளக்கப்பட்டிருந்தால், அதே மாணவியின் நேரம் 30 வினாடி குறைந்துவிடும். முதல் கிலோமீட்டரில் வேகத்தைக் கொட்டிவிட்டுக் கடைசியில் நடப்பவர் இழப்பது ஒரு நிமிடத்துக்கும் மேல் போகலாம். மழை பெய்து சகதியான பாதை, காலை பத்து மணி வெயில் எல்லாமே காலணியைவிடப் பெரிய காரணங்களாக முடியும்.

இன்னொன்றும் மறக்கக்கூடாது. மேலே சொன்ன ஆய்வுகளில் ஓடியவர்கள் பெரியவர்கள். 35 கிலோ எடையுள்ள பிள்ளை அதே நுரையை அந்த அளவுக்கு அமுக்கமாட்டான். பெரியவர்களின் விழுக்காட்டை அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்துவது சரியாகாது.

5. முதலில் தராசை எடுங்கள்

காலணி ஒவ்வொன்றிலும் 100 கிராம் எடை கூடினால் ஓடுவதற்கான சக்திச் செலவு ஏறக்குறைய 1 விழுக்காடு கூடும் என்பது ஆய்வுகளில் பலமுறை உறுதியான செய்தி. அன்றாடம் போடும் கனமான சப்பாத்து ஒன்று 350 கிராம் இருக்கலாம். சாதாரண, லேசான ஓட்டக் காலணி 200 கிராம் இருக்கலாம். வேறுபாடு 150 கிராம், அதாவது ஏறக்குறைய 1.5 விழுக்காடு. மணிக்கு 12 கிலோமீட்டரில் விலை உயர்ந்த காலணி தந்த ஆதாயமும் இதே அளவுதான்!

அப்படியென்றால் வெறுங்காலில் ஓடுவது இன்னும் நல்லதா? 2012இல் வெளியான ஓர் ஆய்வில், வெறுங்காலில் ஓடிப் பழகியவர்களையே ஓடவிட்டுப் பார்த்தார்கள். லேசான காலணியைவிட வெறுங்கால் சிக்கனமாக இல்லை. மெத்தை இல்லாதபோது தசைகள் கூடுதலாக வேலை செய்ய வேண்டியிருக்கிறது. எடையில் மிச்சமானது அங்கே செலவாகிவிடுகிறது.

ஆனாலும் வெறுங்கால் வீரர்களின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலில் ஓடித் தங்கம் வென்றார். நம் பக்கத்து நாடான சிங்கப்பூரில் பி.சி. சுப்பையா வெறுங்கால் ஓட்டத்துக்குப் பேர் போனவர். 1972 மூனிக் ஒலிம்பிக்கில் பங்கேற்றார். 1973இல் 10,000 மீட்டரை 31 நிமிடம் 19 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் எம். ராமச்சந்திரன் 1990களில் 5,000, 10,000 மீட்டரில் படைத்த தேசியச் சாதனைகளும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தன. இந்த நுரை பிறப்பதற்கு முன்பே ஓடிய நேரங்கள் இவை.

6. பழைய நேரத்தையும் புதிய நேரத்தையும் ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், ஆனால் சூழலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டாக்டர் எம். ஜெகதீசன் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். செயற்கைத் தடம் போடப்பட்ட முதல் ஒலிம்பிக் அது. நகரமோ கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேல், காற்று அடர்த்தி குறைவு. 49 ஆண்டுகள் கழித்து, 2017இல் மலாக்காவைச் சேர்ந்த கைருல் ஹஃபிஸ் ஜந்தான் 20.90 ஓடி அதை முறியடித்தார். வேறுபாடு 0.02 வினாடி. தடம், உயரம், காலணி, பயிற்சி எல்லாமே மாறியிருக்கும்போது யார் பெரியவர் என்று எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பள்ளிப் பதிவேட்டில் உள்ள பத்தாண்டுப் பழைய நேரத்தை இன்றைய மாணவரோடு ஒப்பிடும்போதும் இதே நிதானம் தேவை.

7. விதி என்ன சொல்கிறது?

உலகத் திடல்தட அமைப்பு 2020 ஜனவரியில் வரம்பு விதித்தது. சாலை ஓட்டத்தில் காலணியின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்பாக இருக்கக்கூடாது. தகடு ஒன்றுக்கு மேல் கூடாது. 2024 நவம்பர் 1 முதல் தடத்தில் நடக்கும் எல்லா ஓட்டங்களுக்கும் 20 மில்லிமீட்டர்தான் வரம்பு. அதாவது சாலைக்கு வாங்கிய தடித்த காலணியைத் தடத்தில் போட்டால் அது விதிக்கு அப்பாற்பட்டது. பள்ளிப் போட்டிகளுக்கு அந்தந்த ஆண்டின் போட்டி விதிமுறையைப் படித்துவிட்டே பெற்றோருக்கு ஆலோசனை சொல்லுங்கள்.

8. ஆசிரியர் என்ன செய்யலாம்?

இந்தக் காலணிகள் ஆயிரம் ரிங்கிட் அளவில் விற்கின்றன. நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஒரு குடும்பம் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் கொடுத்து வாங்கும் பொருளுக்கு, 'வாங்கினால் ஜெயிக்கலாம்' என்று நாம் வாய் தவறிக்கூடச் சொல்லக்கூடாது. அதைவிட மோசம், 'நம்மால் வாங்க முடியாது, நம்ம பிள்ளை எங்கே ஜெயிக்கப் போகுது' என்று ஒரு தாய் பிள்ளையைக் குழுவிலிருந்து நிறுத்திக்கொள்வது. மேலே போட்ட கணக்கை அந்தத் தாய்க்குக் காட்டுங்கள்.

• பொருத்தம் முதலில். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அண்ணனின் பெரிய சப்பாத்தில் காகிதம் திணித்து ஓடவிடாதீர்கள்.

• அடுத்தது பிடிமானம். ஈரமான தோட்டச் சாலையில் தடித்த, மெத்தென்ற அடிப்பாகம் கணுக்காலைப் பிரட்டிவிடும்.

• பழைய 'சூப்பர்' காலணியை யாராவது கொடுத்தால் கவனம். பீபா நுரை 450 கிலோமீட்டர் ஓடிய பிறகு தன் சிறப்பை இழந்துவிட்டதாக ஓர் ஆய்வு காட்டுகிறது.

• கார்பன் தகட்டுக் காலணி அணிந்த ஐந்து ஓட்டக்காரர்களுக்குப் பாதத்தின் நடு எலும்பில் அழுத்தக் காயம் ஏற்பட்டதை மருத்துவர்கள் 2023இல் பதிவு செய்துள்ளனர். வளரும் எலும்புக்குத் தினப்பயிற்சியில் இது வேண்டாம்.

• பயிற்சிப் பதிவேட்டில் நேரத்தோடு பாதை, வானிலை, காலணி மூன்றையும் எழுதுங்கள். தேர்வுக் குழுவில் பேசும்போது இது கை கொடுக்கும்.

9. வகுப்பறை நடவடிக்கை

ஒரு டென்னிஸ் பந்து, ஓர் இரப்பர் பந்து, ஒரு பிங்பாங் பந்து எடுத்துக்கொள்ளுங்கள். 1 மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் ஒவ்வொன்றையும் மூன்று முறை போட்டு, எம்பும் உயரத்தை அளந்து சராசரி காணுங்கள்.

• தற்சார்பு மாறி: பந்தின் வகை
• சார்பு மாறி: பந்து எம்பும் உயரம்
• கட்டுப்படுத்தப்பட்ட மாறி: போடும் உயரம், தரை

பயிற்சி வினாக்கள்

1. ஒரு மாணவர் 3 கிலோமீட்டரை 14 நிமிடம் 10 வினாடியில் ஓடினார். 1 விழுக்காடு நேரம் குறைந்தால் அவருடைய புதிய நேரம் என்ன? (விடை: 14 நிமிடம் 1.5 வினாடி)

2. 'புதிய காலணி சக்தியை உருவாக்குகிறது.' இக்கூற்று சரியா? காரணம் கூறுக.

3. மாணவி ஒருவர் புதிய காலணியுடன் சென்ற ஆண்டைவிட 40 வினாடி குறைவாக ஓடினார். காலணிதான் காரணம் என்று முடிவு செய்ய முடியுமா? வேறு மூன்று காரணங்களைக் குறிப்பிடுக.

மூன்றாவது வினாவுக்கு மாணவர்கள் 'அவள் ஒரு வருடம் வளர்ந்துவிட்டாள்' என்று எழுதினால் முழுப்புள்ளி கொடுங்கள். 'பயிற்சி செய்தாள்' என்று எழுதினாலும் கொடுங்கள். 12 வினாடிக்கு மேல் உள்ள மீதியெல்லாம் பெரும்பாலும் அந்த இரண்டிலிருந்துதான் வருகிறது.