‘கனடிய அனுபவம்’ எதை அளக்கிறது? ரொறன்ரோ பணியிடங்களும் பண்பாட்டு உளவியலும்

முன்னுரை

ஒரு பண்பாட்டில் உருவான பணியிட நெறிகளைக் கொண்டு மற்றொரு பண்பாட்டினரின் தகுதியை மதிப்பிடலாமா என்பது நிறுவன உளவியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. 1983ஆம் ஆண்டிற்குப் பின் இலங்கைத் தமிழர் பெருந்தொகையினராகக் குடியேறிய ரொறன்ரோவில் இவ்வினா பிழைப்போடு பிணைந்தது. தாயகத்தில் பொறியியலாளராகவோ கணக்காளராகவோ பணியாற்றியவரிடம் இங்கு ‘கனடிய அனுபவம்’ கேட்கப்பட்டது. அக்கேள்வி உண்மையில் எதை அளக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

அதிகார இடைவெளி

டச்சு உளவியலாளர் கீர்ட் ஹொஃப்ஸ்டீட், ஐபிஎம் நிறுவனத்தின் பன்னாட்டு ஊழியரிடையே நிகழ்ந்த கருத்தாய்வுகளை அடிப்படையாகக் கொண்டு 1980இல் தம் நூலை வெளியிட்டார். அதிகாரம் சமமின்றிப் பங்கிடப்பட்டிருப்பதை அதிகாரம் குறைந்தோர் எந்த அளவு இயல்பென ஏற்கின்றனர் என்பதை அவர் ‘அதிகார இடைவெளி’ என்றார். அவ்வளவையில் இந்தியா 77, கனடா 39. இவை நாட்டுச் சராசரிகளே. தனி ஒருவரின் இயல்பை இவற்றால் கணிக்க இயலாது.

அதே 1980இல் இந்திய உளவியலாளர் ஜே. பி. பி. சின்ஹா, பணியில் கண்டிப்பும் ஊழியர்பால் பரிவும் ஒருங்கே கொண்ட தலைமையே இந்தியச் சூழலில் பயன் தரும் என விளக்கினார். அத்தகைய சூழலில் பழகியவர் மேலாளரைப் பெயர் சொல்லி அழைக்கத் தயங்குவார். கூட்டத்தில் அவர் கருத்தை மறுத்துரையார். தம் சாதனையைத் தாமே எடுத்துரைப்பதைத் தற்புகழ்ச்சி எனக் கருதுவார். தமிழில் அடக்கம் எனப்படும் இப்பண்பு, ரொறன்ரோ நேர்முகத்தேர்வில் தன்னம்பிக்கைக் குறைவாகப் பொருள் கொள்ளப்படக்கூடும்.

உள்ளுறை அறிவு

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் இசுமி சகாமோட்டோவும் அவர்தம் குழுவினரும் ‘கனடிய அனுபவம்’ என்பதை உள்ளுறை அறிவு என்னும் கருத்தாக்கத்தின் வழி ஆராய்ந்தனர். எவரும் எழுதிவைக்காத, பணியிடத்துள் பழகியே பெறக்கூடிய நடைமுறை அறிவு அது. அதனையே பணியில் சேர்வதற்கு முன்நிபந்தனையாக்குவது, நீந்தக் கற்றபின் நீரில் இறங்கு என்பதை ஒக்கும்.

எனினும், தடை முழுவதும் பழக்க வேறுபாட்டால் விளைந்ததன்று. அதே பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் பிலிப் ஒரியோபூலஸ், ரொறன்ரோப் பகுதி நிறுவனங்களுக்கு ஆயிரக்கணக்கான மாதிரி விண்ணப்பங்களை அனுப்பிப் பெற்ற முடிவுகளை 2009இல் வெளியிட்டார். கனடியக் கல்வியும் அனுபவமும் கொண்ட ஆங்கிலப் பெயரினருக்கு 16 விழுக்காடு அழைப்புகள் வந்தன. அதே தகுதியுடைய சீன, இந்திய, பாக்கிஸ்தானியப் பெயரினருக்கு 11 விழுக்காடே வந்தன. கல்வி, அனுபவம் இரண்டையும் வெளிநாட்டில் பெற்ற அப்பெயரினருக்கு அது 5 விழுக்காடாகச் சுருங்கியது. பிரித்தானியாவிலிருந்து வந்த விண்ணப்பதாரருக்கோ இக்குறைவு ஏற்படவில்லை. ‘கனடிய அனுபவம்’ என்னும் சொல் அனுபவத்தை மட்டுமன்றிப் பண்பாட்டு அணுக்கத்தையும் அளந்தது என்பதற்கு இதுவே வலுவான சான்று.

சட்டமும் நடைமுறையும்

கனடிய அனுபவத்தைக் கட்டாயமாகக் கோருவது வெளித்தோற்ற அளவிலேயே பாகுபாடு என ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணையம் 2013இல் அறிவித்தது. 2024இல் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின்படி, 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியரைக் கொண்ட நிறுவனங்கள் பொது வேலை விளம்பரங்களில் அந்நிபந்தனையை இடுவது 2026 சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது.

முடிவுரை

சட்டம் விளம்பரத்திலிருந்து ஒரு சொல்லை நீக்கலாம். மதிப்பிடுவோர் மனத்திலுள்ள அளவுகோலை நீக்க இயலாது. எல்லா விண்ணப்பதாரரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு, முன்னரே வகுத்த அளவீட்டின்படி மதிப்பெண் இடும் ஒழுங்குமுறை நேர்முகத்தேர்வு அதற்கு ஏற்ற கருவி என்பது நிறுவன உளவியல் நிறுவிய முடிவு. புதிதாய் வந்தவர் தம் திறனை வெளிப்படையாக உரைக்கப் பழகுவது போலவே, அடக்கத்திற்குப் பின்னுள்ள திறனைக் கண்டறிய மதிப்பிடுபவரும் பழகவேண்டும். தகவமைதல் ஒருவழிக் கடமையாக நிற்கும்வரை, பொறியியலாளர் வேறு தொழில்களில் தேங்குவதும் நிறுவனங்கள் அவர்தம் அறிவை இழப்பதும் தொடரும்.