பிறையும் உயிரணுவும்

விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் சார்ந்த மாணவர் பலர் திருவக்கரையை அறிவர். சங்கராபரணி யாற்றங்கரையிலுள்ள அவ்வூர்க் கோயிலில் வக்கிரகாளியைக் காணப் பௌர்ணமிதோறும் மக்கள் திரள்வர். அவ்வூர்ப்புறத்தே கல்லாய் மாறிய மரங்களும் கிடக்கின்றன. வானத்துச் சுழற்சியையும் உயிரின் சுழற்சியையும் ஒருங்கே எண்ணுதற்கு அஃது ஏற்ற இடம்.

சந்திரனுக்குத் தன்னொளி இல்லை. ஞாயிற்றொளி பெற்ற அதன் பாதியில் நமக்குத் தோன்றும் பகுதி நாடோறும் மாறுதலே வளர்பிறையும் தேய்பிறையும் ஆம். பூமியின் நிழலே பிறைக்குக் காரணம் என்பார் கூற்றுப் பிழை. அந்நிழல் படுவது சந்திர கிரகணத்தில் மட்டுமே. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 29½ நாள் செல்லும்.

எனினும் சந்திரன் நடை ஒரே வேகத்ததன்று. பூமியை அணுகுங்கால் விரையும், அகலுங்கால் தளரும். இம்மாறுதல் ஒன்பது முறை நிகழ 248 நாள் ஆதலைக் கண்ட முன்னோர், நாளுக்கொன்றாக 248 வாக்கியங்களை அமைத்தனர். வாக்கியப் பஞ்சாங்கம் இவற்றைக் கொண்டே சந்திரனைக் கணிக்கும். 1825-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை, நம் அண்டையதாகிய புதுவையில் தமிழ்க் கணிதர் ஒருவர், தரையில் சோழி பரப்பி, மனனஞ்செய்த வாய்பாடுகளைக்கொண்டே கணித்தார். வாரன் என்பார் இதனைத் தம் ‘காலசங்கலித’த்தில் பதிந்துள்ளார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிஷமே. முடிவிலோ 52 நிமிஷம். முன்னது நெடுநாள் நோக்கின் பெருமை. பின்னது, எழுதிய கணக்கை மீண்டும் வானத்தோடு ஒத்துநோக்க வேண்டுமென்னும் பாடம்.

இனி உயிரணுவை நோக்குவோம். வெங்காய வேரின் நுனியை நசுக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைப்பின், எண்ணிறந்த உயிரணுக்கள் தோன்றும். ஒவ்வொன்றும் வளர்ந்து, தன் 16 குரோமோசோம்களையும் இரட்டித்து, இரண்டாகப் பிரிவது. சாயமேற்றுமுன்னரே அவை இறந்துபடுதலால், ஒன்றனையே தொடர்ந்து காண்டல் இயலாது. ஆயினும் வெவ்வேறு நிலையிலுள்ளனவற்றை எண்ணலாம். நூற்றில் ஐந்து பிரியும் நிலையில் உளவென்றும், முழுச் சுழற்சி 20 மணி நேரமென்றும் கொள்வோமாயின், பிரிதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரமாகும். சந்திரன் ஒன்றைப் பல இரவிற் காண்கிறோம். உயிரணுக்கள் பலவற்றை ஒரே பொழுதிற் காண்கிறோம். எண்ணிக் குறித்தலே இரண்டிற்கும் வழி.

திருவக்கரைக் கல்மரங்கள் ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகட்கு முற்பட்டன. வெள்ளத்தால் அடித்துவரப்பெற்று மணலிற் புதைந்த அம்மரங்களுட் சிலிகா புகுந்து படிந்தது. அக்கல்லை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியிற் காணின், உயிரணுக்களின் அமைப்பு இன்றும் புலனாகும். அவற்றின் சுழற்சி நின்றது, சுவடு நின்றிலது.

மாணவ நண்பர்காள்! வரும் அமாவாசை தொடங்கி, ஒரு திங்கள், மாலைதோறும் ஒரே நேரத்தில் வானத்தை நோக்கிப் பிறையை வரைமின். மேகம் மறைத்த நாளில் ‘மேகம்’ என்றும், சந்திரன் தோன்றாத நாளில் ‘தோன்றவில்லை’ என்றும் எழுதுமின். காணாததைக் கண்டதாக ஒருநாளும் எழுதற்க. அறிவியலின் முதற்பாடம் அதுவே.