அரங்கின் ஓரங்கள் – 6: தேர்வுக்குழு இல்லாத ஊர்

எடின்பரோ ஃபிரிஞ்ச் என்றதும் எல்லோரும் முதலில் சொல்வது, அங்கே தேர்வுக்குழு கிடையாது என்பதைத்தான். பெருமைப்படத் தக்க வரலாறுதான் அது. 1947-ல் ருடால்ஃப் பிங் முன்னின்று எடின்பரோவில் சர்வதேச விழாவைத் தொடங்கியபோது, எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பில்லாமல் வந்து, கிடைத்த கூடங்களில் நாடகம் போட்டன. எட்டில் ஆறு ஸ்காட்லாந்துக் குழுக்கள். சொந்த ஊர் விருந்தில் ஊர்க்காரனுக்கே இலை போடாத கதை. அடுத்த ஆண்டு ராபர்ட் கெம்ப் என்ற நாடகாசிரியர், அதிகாரபூர்வ விழாவின் ஓரத்தில் நடப்பவை என்று பத்திரிகையில் எழுதப்போக, 'ஓரம்' என்று பொருள்படும் அந்தச் சொல்லே பெயராக ஒட்டிக்கொண்டது. 1958-ல் இதற்கென ஒரு சங்கம் உருவானது. யார் என்ன நாடகம் போடலாம் என்பதில் சங்கம் தலையிடாது என்ற அதன் விதி இன்றுவரை மாறவில்லை. 2019-ல் 323 இடங்களில் 3,841 நிகழ்ச்சிகள் நடந்தன. 30 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. கதவு இவ்வளவு அகலமாகத் திறந்திருக்கும் ஊரில் பரிசோதனை நாடகம் செழித்திருக்க வேண்டும் என்றுதான் எவருக்கும் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேர்வுக்குழுவை எழுப்பி அனுப்பிவிட்டால் அந்த நாற்காலியில் வாடகை வந்து உட்கார்ந்துகொள்கிறது. புதிய வடிவங்களைப் பொறுத்தவரை வாடகையைப் போலக் கறாரான நடுவர் இல்லை.

அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். ஃபிரிஞ்ச் சங்கம் அரங்குகளை நடத்துவதில்லை. தேவாலயக் கூடம், பல்கலைக்கழக விரிவுரை அறை, பாலத்துக்கு அடியிலுள்ள கல் நிலவறை என்று ஆகஸ்ட் மாதத்துக்கு மட்டும் அரங்காக மாறும் இடங்களைத் தனித்தனி நிறுவனங்கள் எடுத்து நடத்துகின்றன. ஒரே அறையைக் காலையிலிருந்து நள்ளிரவு வரை பல குழுக்கள் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு குழுவுக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம். இடையில் கிடைக்கும் சில நிமிடங்களுக்குள் பழைய கூட்டம் வெளியேறி, பழைய பொருள்கள் நகர்ந்து, அடுத்த நாடகத்துக்கு விளக்கு தயாராகிவிட வேண்டும். வசூலில் அரங்குக்கு ஒரு பங்கு. வசூல் போதாவிட்டாலும் கட்டியே தீர வேண்டிய குறைந்தபட்சத் தொகை பல ஒப்பந்தங்களில் உண்டு. பயணமும் தங்குமிடமும் தனிச் செலவு. இந்தக் கணக்கோடு நாடகம் எழுத உட்காருகிறவர் என்ன எழுதுவார்? ஒரு நடிகர், ஒரு நாற்காலி, ஐம்பத்தைந்து நிமிடம். ஒலிவாங்கி ஒன்றும் தண்ணீர்ப் பாட்டில் ஒன்றும் போதும் என்றால் இன்னும் நல்லது. 2008-ல் நிகழ்ச்சிப் பட்டியலில் நகைச்சுவை நிகழ்ச்சிகள் நாடகங்களை முந்தின. ரசனை மாறியதும் தொலைக்காட்சியின் இழுப்பும் காரணமென்று சொல்வார்கள், இருக்கலாம். ஆனால் மேடைப் பொருளே தேவைப்படாத கலை, மேடைப் பொருளுக்கு இடமில்லாத ஊரில் ஜெயித்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

இதற்கு மாறான உதாரணங்களும் அதே ஊரில்தான் இருக்கின்றன. 1963 ஜனவரியில், முன்பு விபச்சார விடுதியாக இருந்த ஒரு கட்டடத்தில் டிராவர்ஸ் தியேட்டர் தொடங்கியது. அறுபது இருக்கைகள், பார்வையாளர்கள் இரு பக்கமும் எதிரெதிரே உட்கார, நடுவில் மேடை. (இந்த அமைப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 'டிரான்ஸ்வர்ஸ்'. யாரோ தவறாகச் சொன்னது அப்படியே பெயர்ப்பலகை ஏறிவிட்டது.) உறுப்பினர்களுக்கு மட்டுமான கிளப்பாக நடந்ததால், 1968-ல் சட்டம் மாறும் வரை அரசவை அதிகாரியின் நாடகத் தணிக்கை அதைத் தொடவில்லை. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் டெமார்கோ, பின்னர் தன் கலைக்கூடத்தின் சார்பில் போலந்திலிருந்து டடேயுஷ் காண்டரின் கிரிகோ-2 குழுவை 1972-லும் 1973-லும் 1976-லும் அழைத்து வந்தார். கடைசி முறை அவர்கள் கொண்டுவந்தது 'இறந்த வகுப்பு'. முதியவர்கள் பள்ளி பெஞ்சுகளில் வந்து உட்காருகிறார்கள். சிறுவயதில் தாங்கள் இருந்த உருவத்தைப் பொம்மையாகச் சுமந்திருக்கிறார்கள். நடிகர்களுக்கு நடுவே காண்டரே நின்று, கச்சேரியை நடத்துபவர் போல அவர்களைக் கையசைத்து இயக்குகிறார். பெரிய குழு, பெஞ்சுகள், பொம்மைகள், பெரும்பாலோருக்குப் புரியாத போலிஷ் மொழி. வாடகை நடுவராக இருந்தால் முதல் சுற்றிலேயே வெளியேற்றப்பட்டிருக்கும் நாடகம் இது. ஒரு மனிதர் பார்த்து, பிடிவாதம் பிடித்து, நஷ்டத்துக்குத் தலையைக் கொடுத்ததால்தான் அது அந்த ஊருக்கு வந்தது. டிராவர்ஸிலும் நடந்தது அதுதான்: சிலர் தேர்ந்தெடுத்தார்கள், தேர்ந்தெடுத்ததற்குப் பொறுப்பும் ஏற்றார்கள்.

இந்த இடத்தில் இரண்டு பெயர்களைச் சொல்லி என்னை மடக்கலாம். டாம் ஸ்டாப்பர்டின் 'ரோசென்கிராண்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னும் இறந்துவிட்டனர்' 1966-ல் ஃபிரிஞ்சில்தான் முதலில் மேடையேறியது. ஃபீபி வாலர்-பிரிட்ஜின் 'ஃப்ளீபேக்' 2013-ல் அங்கே ஒரு நிலவறையில் நடந்துதான் உலகப் புகழுக்குப் போனது. உண்மை. ஆனால் முதலாவதைப் போட்டவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் குழு. பிழைப்புக்காக நாடகம் போட வேண்டிய நிலை அவர்களுக்கு இல்லை. 'அப்சர்வர்' ஏட்டில் ரொனால்டு பிரைடன் எழுதிய மதிப்புரைதான் அதை அடுத்த ஆண்டே லண்டன் நேஷனல் தியேட்டருக்குக் கொண்டுபோனது. அப்படியானால் அங்கேயும் ஒருவர் பொறுக்கியெடுத்திருக்கிறார், நாடகம் நடந்த பிறகு. இரண்டாவது, நான் சொன்ன ஒரு நடிகர், ஒரு நாற்காலி, ஒரு மணி நேரம் என்ற அச்சில் பிசகாமல் பொருந்துகிறது. அதனால் அது மட்டமான நாடகம் ஆகிவிடாது. நெருக்கடியில் கூர்மை பிறக்கும். ஒற்றைக் குரலின் நெருக்கத்தை அந்த நிலவறை நன்றாகவே பழக்கியிருக்கிறது. அங்கே பழக முடியாத வடிவங்கள் எத்தனை என்பதுதான் கேள்வி. போட முடியாமல் போன நாடகங்களுக்குப் பட்டியல் கிடையாது என்பதால் அந்தக் கேள்வி எழாமலே போகிறது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. தேர்வுக்குழுக்களின் லட்சணம் தெரியாதா? 1947-ல் ஆறு ஸ்காட்லாந்துக் குழுக்களை வெளியே நிறுத்தியதே அழைப்பு முறைதானே? மறுக்க முடியாது. ஃபிரிஞ்சுக்குத் தேர்வுக்குழு வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. தேர்வு அங்கே ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, கண்ணில் படாத இடத்தில் நடக்கிறது என்பதே நான் சொல்வது. பெல்ஜியம், பின்லாந்து, தைவான், தென் கொரியா போன்ற நாடுகளிலிருந்து அரசு நிதியோடு தொகுக்கப்பட்ட நாடக வரிசைகள் எடின்பரோவுக்கு வந்திருக்கின்றன. ஃபிரிஞ்ச் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த நாடுகளில் ஒரு குழு உட்கார்ந்து தேர்ந்தெடுத்துத்தான் அனுப்புகிறது. 2007-ல் பேசப்பட்ட 'தி ஸ்மைல் ஆஃப் யுவர் ஃபேஸ்' நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்ட்ரூரெண்ட் குட் என்ற பெல்ஜியக் குழு, பார்வையாளரை ஒவ்வொருவராகச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணையும் கையையும் கட்டி உள்ளே தள்ளிக்கொண்டு போகும். வாசனையும் தொடுகையும் காதருகே ஒரு குரலும்தான் நாடகம். ஒவ்வொருவராக உள்ளே விடும் நிகழ்ச்சி டிக்கெட் வசூலில் மட்டும் எப்படிப் பிழைக்கும்? சொந்த நாட்டில் கலைக்கு மானியம் கிடைக்கும் குழுக்கள்தான் இப்படி யோசித்துப் பார்க்கத் துணிகின்றன. அதற்காக அரசுப் பணமும் நம்பத் தக்க துணை என்று சொல்லிவிட முடியாது. காண்டரை அழைத்து வந்த அதே டெமார்கோவுக்கு 1980-ல் ஸ்காட்லாந்துக் கலை மன்றம் மானியத்தை நிறுத்தியது.

எஞ்சியிருப்பது வாடகையே வாங்காத இடங்கள். டெபோரா பியர்சனும் ஆண்டி ஃபீல்டும் நடத்திய ஃபாரஸ்ட் ஃபிரிஞ்ச் 2007-ல் தொடங்கி, தன்னார்வலர்கள் நடத்திய ஒரு காப்பிக்கடையின் மாடிக் கூடத்தில் நடந்தது. கலைஞர்களிடம் வாடகை இல்லை, பார்வையாளர்களுக்கு டிக்கெட் விலை இல்லை. முடிவடையாத படைப்பு, சில நிமிடமே நீளும் படைப்பு, ஒருவருக்காக மட்டும் செய்யப்பட்ட படைப்பு எல்லாம் அங்கே வந்தன. இவையும் அழைத்து வரப்பட்டவைதான் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டடத்தை வைத்திருந்த தொண்டு நிறுவனம் நொடித்துப்போனதால் 2011-ல் அந்தக் கூடம் கைநழுவியது. அதே ஆண்டு, பழைய கால்நடை மருத்துவக் கல்லூரிக் கட்டடத்தில் சம்மர்ஹால் திறந்தது. மாணவர்கள் உடற்கூறு படித்த செங்குத்தான விரிவுரை அரங்கும் செய்முறை அறையும் நாடக மேடைகளாயின. ஊரில் வேறு அறை கிடைக்காத நாடகங்களுக்கு அது பல ஆண்டுகள் புகலிடமாக இருந்தது. 2024-ல் உரிமையாளர்கள் அந்தக் கட்டடத்தை விற்பனைக்கு அறிவித்தார்கள்.

(அடுத்த வாரம்: அவிஞ்ஞோன். 1966-ல் ஆந்த்ரே பெனெதெத்தோ அழைப்பில்லாமல் தொடங்கிய 'ஆஃப்' விழாவிலும் இதே வாடகைக் கணக்கு.)