மேகம் சொல்லும் சேதி

வானத்தை அண்ணாந்து பாராமல் வாழ்வோர் உலகில் எங்கேனும் இருக்கலாம். எங்கள் மண்டபத்தூரில் அப்படி ஒருவரும் இல்லை. காரைக்காலுக்கு வடக்கே கடலை ஒட்டியுள்ள இவ்வூரில் படகை இறக்குவதா, கருவாட்டைக் காயப் போடுவதா, வயலுக்கு உரம் இடுவதா என்பதை எல்லாம் வானமே முடிவு செய்கிறது. கடவுள் வாழ்த்தை அடுத்து இரண்டாம் அதிகாரமாகவே 'வான் சிறப்பு' திருக்குறளில் வைக்கப்பட்டுள்ளது என்றால் மழையின் பெருமையை வேறு கூறவும் வேண்டுமோ! அந்த மழை எவ்வாறு உண்டாகிறது, அதைப் பற்றி வரும் அறிவிப்புகளின் பொருள் என்ன என்பதை இங்கே காண்போம்.

மேகம் பிறக்கும் விதம்

வெயிலால் கடல் நீரும் குளத்து நீரும் ஆவியாகின்றன. சூடான காற்று அந்த ஆவியைச் சுமந்துகொண்டு மேலே எழும்புகிறது. மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஆவியையும் தாங்க முடியாது. எனவே ஆவி மீண்டும் நீராகிறது. ஆனால் நீராவி படிவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். காற்றில் மிதக்கும் தூசி, புகை, கடல் அலை தெறிப்பதால் பறக்கும் உப்புத் துகள் ஆகியவையே அந்தப் பிடிமானம். இப்படி உண்டான கோடானுகோடி நுண்துளிகளின் கூட்டமே மேகம்.

1802ஆம் ஆண்டில் லண்டனில் மருந்து வணிகம் செய்துவந்த லூக் ஹோவர்டு என்பவர் மேகங்களை வகைப்படுத்திப் பெயரிட்டார். அவர் வழிவந்த முறையையே இன்றும் உலகம் பின்பற்றுகிறது. மிக உயரத்தில் பனித் துகள்களால் ஆகி, வெண்ணிற இறகு போலத் தோன்றுவது கீற்று மேகம். போர்வை போல வானை மூடிப் படர்வது படை மேகம். பஞ்சுப் பொதி போலக் குவிவது திரள் மேகம். இத்திரள் மேகம் மலை போல வளர்ந்து, அடி கறுத்து, இடியும் மின்னலுமாகக் கொட்டினால் அது கார்திரள் மேகம். நம் நாட்டில் இது 15 கிலோமீட்டருக்கு மேலும் உயர்வதுண்டு.

துளி மழையாவது எப்படி?

மேகத் துளி மிகச் சிறியது. ஏறக்குறைய பத்து லட்சம் மேகத் துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி ஆகும். துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து பெரிதாகி விழுவது ஒரு வழி. உயர்ந்த மேகங்களில் பனித் துகள்களாக வளர்ந்து, இறங்கும்போது உருகி மழையாவது மற்றொரு வழி. மழைத்துளியைக் கண்ணீர்த் துளி போலப் படம் வரைகிறோம். உண்மையில் சிறு துளி உருண்டையாகவும், பெரிய துளி அடி தட்டையாகி ஏறக்குறைய இட்லி போலவும் இருக்குமாம்!

நமக்குரிய மழை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று வங்கக் கடலின் ஈரத்தை அள்ளி வருகிறது. தமிழ்நாடு, புதுவை, காரைக்கால் பகுதிக்கு இந்த மூன்று மாதங்களில் சராசரியாகச் சுமார் 44 சென்டிமீட்டர் மழை கிடைக்கிறது. கீழ்த்திசைக் காற்றுக்குக் 'கொண்டல்' என்று பெயர். மேகத்துக்கும் அதே பெயர் உண்டு. காற்றையும் மேகத்தையும் ஒரே சொல்லால் அழைத்த நம் முன்னோரின் அனுபவ அறிவுதான் என்னே!

அறிவிப்பின் பொருள்

"மழை வரும் என்றார்கள், ஒரு சொட்டும் இல்லை" என்று பலர் குறை கூறுவதைக் கேட்கிறோம். அறிவிப்பில் உள்ள சொற்களைக் கவனித்தால் இந்தக் குறை பெரிதும் நீங்கும். 'ஓரிரு இடங்களில்' என்றால் அப்பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் கால் பங்குக்கு மேற்படாதவற்றில் மழை பெய்யும் என்று பொருள். 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால் பங்குக்கு மேல். ஒரு திரள் மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். ஆகவே காரைக்கால் நகரம் நனைய, மண்டபத்தூர் காய்ந்திருப்பது இயற்கையே.

மழையளவு காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்குக் கணக்கிடப்படுகிறது. 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை, 115.6 முதல் மிகக் கனமழை, 204.4க்கு மேற்பட்டால் அதி கனமழை. 1 மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். அப்படியானால் ஓர் ஏக்கர் வயலில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 40,000 லிட்டர் நீர் இறங்குகிறது. 2008 நவம்பர் 27 அன்று 'நிஷா' புயல் காரைக்கால் அருகே கரை கடந்தது. அப்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. வயல்களின் கதி என்னவாகியிருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்!

வாரம் முழுவதற்கும் அறிவிப்பு வந்தாலும் நாளைய நிலவரம் போல ஏழாம் நாள் நிலவரம் உறுதியானதன்று. இன்றைய அளவீட்டில் உள்ள சிறு குறையும் நாளுக்கு நாள் பெருகும். ஆதலால் ஞாயிறன்று கேட்டதை வைத்துச் சனியன்று முடிவு செய்யாமல், அன்றாடம் புதிய அறிவிப்பைக் கேட்பதே அறிவுடைமை.

கூண்டும் கடலும்

மழை அறிவிப்பு வேறு, மீனவர் எச்சரிக்கை வேறு. கரையில் வானம் நீலமாக இருக்கும்போதே நடுக்கடலில் சூறைக்காற்று வீசலாம். துறைமுகங்களில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை உள்ளன. முதல் எண், தொலைதூரக் கடலில் புயல் உருவாகலாம் என்பதைக் குறிக்கும். 8, 9, 10 ஆகியவை பேராபத்து. 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். வெயில் அடிக்கும் நாளில் ஒன்றாம் எண் கூண்டைக் கண்டு சிரிப்பவர், அது தம் கண்ணுக்கு எட்டாத தூரத்தைப் பற்றிச் சொல்கிறது என்பதை எண்ண வேண்டும்.

1977இல் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலும், 2018இல் வேதாரண்யம் அருகே கரை கடந்த 'கஜா'வும் நவம்பர் மாதத்திலேயே வந்தன. இன்று செயற்கைக்கோளும், காரைக்காலில் உள்ள ரேடாரும் மேகங்களை இரவும் பகலும் கண்காணிக்கின்றன. ஆயினும் அவை சொல்வதை வீட்டிலுள்ளோர் புரிந்துகொண்டால்தான் பயன் உண்டு. நம் தந்தையரும் அண்ணன்மாரும் கடலுக்குப் புறப்படுமுன் அறிவிப்பைப் படித்து, அதன் பொருளை எடுத்துச் சொல்வது படித்த பெண்களாகிய நம்மால் இயலும். தோழியரே, நாம் கற்ற கல்வி முதலில் நம் வீட்டுக் கூரையின் கீழ் பயன்படட்டும்!