ஆயா எழுதிய ழ

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் பக்கத்து வீட்டு ஆயாவுக்கு டைப் அடிக்க வராது. சேலத்தில் இருக்கும் தங்கைக்கு வாட்ஸ்அப் அனுப்ப வேண்டுமென்றால், மாடிப்படியில் உட்கார்ந்து போன் திரைமேல் விரலால் எழுதுவார். போன் அதை அச்செழுத்தாக மாற்றித் தரும். அன்று 'பழம்' எழுதினார். 'பமும்' என்று வந்தது.

"ஏம்மா, இதுக்குக் கண்ணு தெரியலையா?"

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். அந்தத் தெருவில் எந்த போன் தப்புப் பண்ணினாலும் நான்தான் ஜவாப்தாரி.

"அதுக்குக் கண்ணே கிடையாது ஆயா" என்றேன்.

உண்மையும் அதுதான். போன் எழுத்தைப் பார்ப்பதில்லை. விரல் போன வழியைத்தான் குறித்துக்கொள்கிறது. இப்போது விரல் எவ்வளவு வலது பக்கம், எவ்வளவு கீழே என்று ஒரு நொடிக்குள் பல முறை எண்களாக எழுதி வைக்கும். கோடு இல்லாமல் வரிசையாக வைத்த கோலப் புள்ளிகள் மாதிரி. வேகமாக எழுதினால் புள்ளிகள் தள்ளித் தள்ளி விழும், நிதானமாக எழுதினால் நெருங்கி விழும். அதனால் புள்ளிகளைச் சம இடைவெளியில் திரும்ப அடுக்கி, பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் ஒரே அளவாக்கி, அதன்பிறகுதான் தனக்குத் தெரிந்த எழுத்துகளோடு ஒப்பிடும். ழ, மு இரண்டும் ம போலத் தொடங்கி, கீழே வாலைச் சுழற்றும். வால் முடிகிற விதம்தான் வேறு. ஆயா அவசரத்தில் வாலைச் சுருக்கிவிட்டார்.

'கொ' எழுதிப் பாருங்கள். கொம்பை முதலில் போட்டீர்களா, க-வையா? தாளில் இரண்டும் ஒன்றுதான். போனுக்கு அவை இரண்டு வேறு பயணங்கள்.

சரி, போனுக்குத் தெரிந்த எழுத்துகள் எங்கிருந்து வந்தன? யாராவது எழுதிக் காட்டினால்தான் உண்டு. உதாரணத்துக்கு, பெங்களூரில் இருந்த ஹெச்.பி. ஆய்வகம், இந்த ஊரிலும் சேலத்திலும் பள்ளிப் பிள்ளைகள், பட்டதாரிகள், பெரியவர்கள் என்று பலரை பேனாவால் எழுதும் கணினியில் தமிழ் எழுதச் சொல்லி மாதிரிகளைச் சேகரித்தது. மொத்தம் 156 வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் சுமார் 500 மாதிரிகள். கையெழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்களுக்கு 2006-இல் நடந்த போட்டிக்கு இந்த மாதிரிகளைத்தான் கொடுத்தார்கள். அழகாக எழுதும் ஆசிரியர்களிடம் மட்டும் வாங்கியிருந்தால் உங்கள் கோழிக்கிறுக்கலை எந்த மென்பொருளும் கண்டுபிடித்திருக்காது!

247 எழுத்து இருக்க, ஏன் 156? 'கா'வுக்கு க-வும் துணைக்காலும் போதும். தனியாகக் கற்க வேண்டாம். ஆனால் கி, கு-வில் குறி க-வோடு ஒட்டிக்கொண்டு புது உருவம் வந்துவிடுகிறது. அவற்றைத் தனித்தனியாகத்தான் கற்க வேண்டும்.

எவ்வளவு கற்றாலும் சில நேரம் தப்பு வரும். அப்போது என்ன செய்வது? இங்கேதான் எனக்குப் பிடித்த பாடம் தொடங்குகிறது: மனிதரும் கணினியும் எப்படிப் பழகுவது என்பது. எழுதும் இடத்துக்கு மேலே, 'இதுவா, அதுவா' என்று சில சொற்களை போன் வரிசையாகக் காட்டும். அந்த வரிசையில் 'பழம்' இருந்தது. ஆனால் பொடி எழுத்து. ஆயாவின் விரல் இரண்டு தடவை பக்கத்துச் சொல்லில் போய் விழுந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுத்தை இன்னும் பெரிதாக வைத்திருக்கலாம்.

மூன்றாம் தடவை ஆயா வரிசையைத் தொடவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ழ-வின் வாலை நீளமாகச் சுழித்து எழுதினார். 'பழம்' வந்தது.

"பயந்துடுச்சு பாரு" என்றார்.