‘வந்த இடத்தில் வம்பு எதற்கு?’ – மலைக்கும் அணைக்கும் கிளம்பும் முன்

பெருநாளுக்கு மறுநாள் காலையில் மேல்விஷாரத்துத் தெருக்களில் வேன்கள் வந்து நிற்கும். டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் விடுமுறை. பிரியாணி தேக்சா முதலில் ஏறும், பிறகு பிள்ளைகள், கடைசியில் பாயும் தலையணையுமாகப் பெரியவர்கள். ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி ஏலகிரிக்குப் போவார்கள். குடியாத்தம் பக்கம் மோர்தானா அணைக்கும், செங்கம் பக்கம் சாத்தனூர் அணைக்கும் போகிறவர்களும் உண்டு. ஆண்டு முழுக்க உழைத்தவர்களுக்கு அந்த ஒரு நாள் காற்று தேவைதான்.

ஆனால் வீட்டில் பத்து ரூபாய்க்குக் கணக்குக் கேட்பவர்கூட, வெளியூர் போனதும் வாய் மூடிக்கொள்கிறார். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் ஏறுகிறார், ரசீது தராத விடுதிக்குப் பணம் கட்டுகிறார். கேட்டால், “வந்த இடத்தில் வம்பு எதற்கு?” என்கிறார். இந்தத் தயக்கம் சில நேரம் பணத்தையும் சில நேரம் உயிரையும் வாங்கிவிடுகிறது. கேட்பது வம்பல்ல, நம் உரிமை.

வண்டி ஏறும் முன்

வாடகைக்கு வரும் வண்டியின் நம்பர் பிளேட் மஞ்சளாக இருக்க வேண்டும். தெரிந்தவர், வாடகை குறைவு என்று வெள்ளை பிளேட் சொந்த வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்து நடந்தபின் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அதுவே காரணமாகிவிடும். டாடா ஏஸ் போன்ற சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றிப் போவது சட்டப்படி குற்றம். அதில் உல்லாசப் பயணம் போகிறவருக்குப் பொதுவாகக் காப்பீடும் கிடையாது. தகுதிச் சான்று, காப்பீடு, அனுமதிச் சீட்டு ஆகிய மூன்றையும் முன்பணம் கொடுக்கும்போதே கேட்டுப் பாருங்கள். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2022 ஏப்ரலில் ஜவ்வாது மலையின் புதூர்நாடு பகுதியில் கோயிலுக்குப் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து, பெண்களும் குழந்தைகளுமாகப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலைப் பாதையில் ஒரு நொடித் தவறுக்கு அவ்வளவு விலை.

ஏலகிரிக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய அந்த வளைவுகளில் ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. பிரேக்கை விடாமல் மிதித்தபடி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். நியூட்ரலில் விட்டால் இன்ஜினின் பிடியும் போய்விடும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்பது பழைய ஓட்டுநர்களின் பாடம். குறுகிய இடத்தில் இறங்கும் வண்டிதான் நின்று, ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இரவெல்லாம் விழித்த ஓட்டுநரை வளைவுகளில் ஓட்டச் சொல்லாதீர்கள்.

ஏரியில்

ஏலகிரியின் புங்கனூர் ஏரி செயற்கை ஏரி, பார்வைக்குச் சாது. ஆனால் சாதுவான நீரில்தான் பெரிய சாவுகள் நடந்திருக்கின்றன. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதில் படகு சாய்ந்தது. 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் மூழ்கினர்.

படகில் கால் வைக்கும் முன் எத்தனை பேர் ஏறலாம் என்று கேளுங்கள். குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் அளவான ஜாக்கெட் இருக்கிறதா, அதன் பெல்ட் பூட்டுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏறாதீர்கள், பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். டிக்கெட்டின் பின்புறம் ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருப்பார்கள். அப்படி அச்சடித்ததால் மட்டும் கவனக்குறைவின் பொறுப்பு கழிந்துவிடாது. ஓட்டல் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், ‘உரிமையாளர் பொறுப்பு’ என்ற வாசகத்தைக் காட்டி ஓட்டல் தப்ப முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அணைக்குக் கீழே

வெள்ளம் சொல்லாமல் வரும் என்ற பாடத்தைப் பாலாற்றுக் கரைக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானத்துப் பேத்தமங்கலா ஏரி உடைந்து, அந்த வெள்ளம் வாணியம்பாடியில் வந்து உயிர்களை வாரிக்கொண்டு போனது. இங்கே வானம் வெளுத்திருக்கும், மழை அங்கே பெய்திருக்கும். மோர்தானாவும் அப்படித்தான். கவுண்டன்ய ஆற்றின் நீர்ப்பிடிப்பு ஆந்திரப் பக்கம் இருக்கிறது. அங்கே பெய்தால் இங்கே நீர் ஏறும்.

சாத்தனூரில் 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால், நொடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் நீர் திறக்கப்பட்டது. ஒரு கனஅடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். அந்த வேகத்தின் முன் நீச்சல் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடு இல்லை.

அணையின் கீழ்ப்பக்கத்துப் பாறைகளில் சமைக்கவோ குளிக்கவோ உட்காராதீர்கள். சைரன் கேட்டாலும், தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலும், செத்தையும் சருகும் மிதந்து வந்தாலும் பாத்திரத்தை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். செல்ஃபிக்காகப் பாசி படிந்த மதகு விளிம்பில் நிற்காதீர்கள். புடவையும் புர்காவும் நனைந்தால் பாரமாகி ஆளைக் கீழே இழுக்கும். பெண்கள் கரையோரச் சேற்றில் இறங்குவதும் ஆபத்துதான்.

ஒருவர் மூழ்கினால் பதறிப்போய்ப் பின்னால் குதிக்காதீர்கள். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து போகும் செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்! கயிறு, துப்பட்டா, மூடி இறுக்கிய காலிக் கேன் என எது கிடைத்தாலும் வீசுங்கள். கரை சேர்ந்தவரின் வயிற்றை அமுக்க வேண்டாம், தலைகீழாகச் சுற்றவும் வேண்டாம். மூச்சில்லை என்றால் வாய்வழி மூச்சும் மார்பு அழுத்தமும் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

விடுதியும் ரசீதும்

மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் கடையிலோ ஓட்டலிலோ உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு. பெயரைக் கேட்டதும் ‘ரூம் இல்லை’ என்று முகம் மாறினால், அது நீங்கள் தலைகுனிய வேண்டிய விஷயமல்ல, அவர்கள் பதில் சொல்ல வேண்டிய விஷயம்.

ரசீது கேட்டும் தர மறுப்பதே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. மலைமேல் கொண்டுவந்த கூலி என்று சொல்லித் தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் கடைக்காரர் வாங்கக் கூடாது. உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல்களுக்கு இது பொருந்தாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், அங்கே விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அடையாளத்துக்கு ஆதார் கேட்டால் எண்களை மறைத்த ஆதாரைக் கொடுக்கலாம்.

தவறு நடந்துவிட்டால்

ஏமாற்றியது ஏலகிரியிலோ ஊட்டியிலோ இருக்கட்டும். வழக்குப் போட அங்கே அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்துக்குரிய நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசிப் பாருங்கள். பல சிக்கல்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

சாலை விபத்து இழப்பீட்டு மனுவையும் வசிக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்தில் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு. எந்தக் காவல் நிலையமும் ‘எங்கள் எல்லையில்லை’ என்று திருப்பி அனுப்பக் கூடாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் முதல் தகவலைப் பதிந்து, உரிய நிலையத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்தவரைப் பெயரோ முகவரியோ கேட்டு வற்புறுத்தவும் கூடாது.

வக்கீல் செலவுக்குப் பயந்து ஒதுங்காதீர்கள். பெண்களுக்கும், டேனரி, ஷூ கம்பெனி போன்ற தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் சட்ட உதவி இலவசம். அதற்கு எண் 15100.

உரிமையைக் கேட்கும் நமக்குக் கடமையும் உண்டு. மலையும் நம்மை நம்பியிருக்கிறது. கழிவு கலந்த பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1996-இல் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது நம் மண்ணைப் பற்றித்தான். அந்த வலி தெரிந்த நாம் இன்னொருவர் ஏரியில் எச்சில் தட்டையும் பிளாஸ்டிக் கவரையும் எறியலாமா?

கைபேசியில் பதிந்துகொள்ள:
அவசர உதவி – 112
ஆம்புலன்ஸ் – 108
மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை – 1077
இணைய முன்பதிவு மோசடி – 1930
நுகர்வோர் உதவி – 1915
சட்ட உதவி – 15100

அடுத்த பெருநாளுக்கு வேன் வந்து நின்றதும் வீட்டில் ஒருவர் அதை ஒரு சுற்று சுற்றி வரட்டும். பிளேட்டைப் பார்க்கட்டும், டயரைப் பார்க்கட்டும், காப்பீட்டுத் தேதியைக் கேட்கட்டும். தேக்சா அதற்குப் பிறகு ஏறட்டும்.